மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரை நாம் யாராகப் பார்க்கிறோம்?

#1 கொள்ளிடக்கரை, திருச்சி

நண்பர்களே, நீண்ட நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது.

அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொருவர். இருவரின் சீட்டையும் சேர்த்து வழக்கமான மெடிக்கலில் கொடுத்தேன். கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். மருந்துகளை எடுத்து வைத்தவர் பில் போடாமல் இரண்டு அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இதில் அம்லோடிபின் தனியாக இருக்கிறது. இந்த அட்டையிலும் டெல்மிசார்டனோடு சேர்ந்து அதே அம்லோடிபின் இருக்கிறது. ரெண்டையும் சாப்பிடச் சொன்னார்களா? அம்மாவுக்குக் கால் வீங்குகிறதா?" என்று கேட்டார்.

கால் வீங்கித்தான் இருந்தது. முழங்கால் பிரச்சினையால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். "நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் ரெண்டு அட்டையையும் காட்டுங்கள்" என்று சொல்லி, பில்லின் பின்புறம் மருந்துப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு முறை போனதால் வந்த வீக்கம் என்று டாக்டர் ஒன்றை நிறுத்தினார். வீக்கம் வடிந்துவிட்டது.

இதை வீட்டில் சொன்னபோது சித்தப்பா கேட்டது: "டாக்டர் எழுதினதுல குறை சொல்ல மெடிக்கல்காரப் பொண்ணு யாரு?" ஆனால் இதே சித்தப்பா காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவதில்லை. கடைக்குப் போய் "ரெண்டு வேளைக்கு ஒரு செட் போட்டுக் கொடுப்பா" என்று வாங்கி வருவார். ஒரு நாள் மெடிக்கல்காரர் டாக்டருக்குச் சமம், மறுநாள் வெறும் எடுபிடி.

இரண்டுக்கும் நடுவில் அவருடைய உண்மையான வேலை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதை நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? உங்கள் தெருக் கடையில் மருந்தாளுநர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

#2 பாலாறு

தெரியாது. கடை ஓனரைத் தெரியும். உள்ளே நான்கு பையன்கள் நிற்பார்கள், அவர்களில் யார் படித்தவர் என்று இதுவரை கேட்டதில்லை. சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது, அதில் உள்ள முகத்தை மட்டும் கடையில் பார்த்ததே இல்லை.

#3 மாசிவீதி, மதுரை

நான் டி.பார்ம் படித்து, மதுரையில் ஒரு கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். இழையைத் தொடங்கிய அண்ணனுக்கு நன்றி. அந்தத் தங்கை செய்ததுதான் எங்கள் வேலை. அதைச் செய்ய எங்களுக்கு நேரமும் மரியாதையும் கிடைப்பதுதான் அபூர்வம்.

மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை என் கவுண்டரில் நின்று பாருங்கள். பக்கத்து கிளினிக்கில் டோக்கன் ஓட ஓடக் கூட்டம் வரும். ஒருவர் வாட்ஸ்அப்பில் சீட்டு காட்டுவார், இன்னொருவர் காலி அட்டையை நீட்டி "இதே மாதிரி பத்து" என்பார், மூன்றாமவர் பேரே சொல்லாமல் "அந்த மஞ்சள் கலர் மாத்திரை" என்பார். "எதற்கு சாப்பிடுகிறீர்கள், வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்" என்று கேட்டால் பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பார், முன்னால் நிற்பவர் "இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்பார்.

ஆனாலும் சிலதை நான் விடுவதே இல்லை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தால் கவரின் மேல் பெரிய எழுத்தில் கிழமையை எழுதுவேன். "செவ்வாய் மட்டும்" என்று எழுதி, அவர்களையே வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். அது வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கும் மருந்து. மற்ற மாத்திரை போலத் தினமும் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்புச் சத்து மாத்திரையோ வாங்கினால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வேன். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. "மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு) குறையவே இல்லை" என்று டோஸ் ஏறிக்கொண்டே போகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

இன்ஹேலர் இன்னொரு கதை. புதிதாக வாங்குகிறவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்வேன். பாதிப் பேர் வாயில் அடித்துவிட்டு உடனே மூச்சை விட்டுவிடுவார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடும். மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். சொல்லித்தர மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்துக்கு யாரும் எங்களுக்குக் காசு தருவதில்லை.

#4 பொதுப்பிரிவு

நான் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர். மாசிவீதி சொல்வது போன்ற மருந்தாளுநர்கள் இருந்தால் என் வேலை பாதி குறையும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து சேர்வது வேறு காட்சி.

வாரம் தவறாமல் பார்ப்பது தொடை இடுக்கில் படர்தாமரையோடு வருகிறவர்களை. "மெடிக்கல்ல ஒரு க்ரீம் கொடுத்தாங்க, தடவினா அரிப்பு அடங்குது, நிறுத்தினா டபுளா வருது" என்பார்கள். ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப். தோல் மெலிந்து, கோடு கோடாக வெடித்து, பூஞ்சை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். முகம் சிவப்பாக வேண்டும் என்று இதையே முகத்தில் தடவிய கல்லூரிப் பெண்களும் வருகிறார்கள். 2018இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கடையில் அது தெரிந்த மாதிரியே இல்லை.

மூட்டுவலிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினமும் போட்டு முகம் உப்பி வரும் பாட்டிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இழை போதாது. கடை, "மருத்துவ சேவை" என்ற பெயரில் இதைச் செய்யும்போது, பொதுமக்கள் கடைக்காரரை இன்னும் நம்ப வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்?

#5 மாசிவீதி, மதுரை

டாக்டர், நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ட்யூபைக் கொடுத்தது மருந்தாளுநரா, கவுண்டரில் நின்ற பத்தாம் வகுப்புப் பையனா? நோயாளிக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வழியில்லை. எல்லோரும் "மெடிக்கல்காரர்"தான்.

பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. அவர் நேரடி மேற்பார்வையில்தான் விற்பனை நடக்க வேண்டும் என்பது 1945 மருந்து விதிகளில் 65ஆம் விதி. சட்டம் இல்லாமல் இல்லை.

#6 பாலாறு

அப்படியானால் சுவரில் தொங்கும் சான்றிதழ்?

#7 அமராவதி, கரூர்

நான் கடை நடத்துகிறவன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அது வாடகைச் சான்றிதழாக இருக்கும். படித்தவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், உரிமத்துக்காகச் சான்றிதழைக் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்வார். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தப்பு என்பதும் தெரியும். என் கடையில் நானே பி.பார்ம், நானே நிற்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் கேளுங்கள். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு 2013 ஆணைப்படி சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம். மற்ற மருந்துக்கு வழக்கத்தில் 20. இதில் வாடகை, ஃப்ரிட்ஜுக்கு இருபத்து நான்கு மணி நேர மின்சாரம், காலாவதிச் சரக்கு எல்லாம் போக வேண்டும். எதிரே வந்த பெரிய சங்கிலிக் கடை "20 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு மாட்டுகிறது, ஆன்லைனில் அதற்கும் மேல் தருகிறார்கள். அதே தள்ளுபடியை நானும் கொடுத்தால்தான் ஆள் நிற்கிறது. அப்புறம் படித்தவருக்கு நியாயமான சம்பளம் எங்கிருந்து வரும்?

மக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு டிஸ்கவுண்ட்?" இரண்டாவது கேள்வி "டோர் டெலிவரி உண்டா?" கடையில் பார்மசிஸ்ட் இருக்கிறாரா என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கடை வாங்கி வைக்கும்.

#8 கொள்ளிடக்கரை, திருச்சி

அமராவதி அண்ணா சொன்ன கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். உண்மை. ஆனால் சட்டப்படி இருக்க வேண்டிய ஆளை வாடிக்கையாளர் கேட்டால்தான் வைப்போம் என்பதும் சரியில்லை. பேருந்தில் ஏறும்போது டிரைவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லையே.

#9 சோலையார், வால்பாறை

எல்லோரும் டவுனில் இருந்துகொண்டு பேசுகிறீர்கள். எங்கள் எஸ்டேட்டில் இருந்து பொள்ளாச்சி போக நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கொழுந்து பறிக்கிற பெண்ணால் எத்தனை நாள் முடியும்? பேதி, சளி, உடம்பு வலி என்றால் பஜாரில் இருக்கும் கடைதான்.

எங்கள் கடைக்காரர் ஒரு தரம் என்னைத் திருப்பி அனுப்பினார். மூன்று வாரமாக இருமல் என்று டானிக் கேட்டேன். "சிரப் தரமாட்டேன், சளிப் பரிசோதனை பண்ணிட்டு வா" என்று பெயர் எழுதிக்கொண்டு அனுப்பினார். கோபம்தான் வந்தது. போய்ப் பார்த்தேன், காசநோய் இல்லை, ஆனால் பரிசோதனை இலவசம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரைக் கடைக்காரர் என்று ஒதுக்க என்னால் முடியாது.

#10 பொதுப்பிரிவு

சோலையார், உங்கள் கடைக்காரருக்கு என் வணக்கம். காசநோயில் மருந்துக் கடைகளின் பங்கு பற்றி ஒரு முக்கியமான ஆய்வு 2016இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. டெல்லி, மும்பை, பாட்னா மூன்று நகரங்களில் 622 கடைகளுக்கு நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார்கள். காசநோய் அறிகுறியை மட்டும் சொன்னபோது 37 சதவீத சந்திப்புகளில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காசநோய் உறுதி என்ற ஆய்வக அறிக்கையோடு போனபோது அது 16 சதவீதமாகக் குறைந்தது. காசநோய்க்கான மருந்தை ஒரு கடைகூடச் சீட்டின்றித் தரவில்லை.

இதை நான் இரண்டு விதமாகவும் வாசிக்கிறேன். ஆன்டிபயாட்டிக் கொடுத்தது கவலை. ஆனால் கையில் ஒரு அறிக்கை வந்ததும் நடத்தை மாறுகிறது என்றால், அவர்கள் யோசிக்காத ஆட்கள் இல்லை. நாம் அவர்களுக்குத் தகவல் கொடுப்பதில்லை. என் சீட்டில் நோயின் பெயரை எழுதுவதே அரிது, நான் உட்பட எல்லோரும் மருந்தை மட்டும்தான் எழுதுகிறோம். நோய் தெரியாமல் அவர் எதைச் சரிபார்ப்பார்?

#11 ஆறுவருடம்

ஃபார்ம்.டி. இறுதியாண்டு மாணவி. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஆறு வருட மருந்தாளுநர் படிப்பு. மருத்துவமனை வார்டில் மருத்துவரோடு ரவுண்ட்ஸ் போகிறோம், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கக் கற்கிறோம், சிறுநீரகம் பழுதானவருக்கு டோஸ் குறைக்கக் கணக்குப் போடுகிறோம். படித்து முடித்த சீனியர்களில் பெரும்பாலோர் மருந்து நிறுவனங்களுக்குப் பக்கவிளைவு அறிக்கை தட்டச்சு செய்யும் கம்பெனிகளிலும் மெடிக்கல் கோடிங்கிலும் இருக்கிறார்கள். "இவ்வளவு படிச்சிட்டு மெடிக்கல் கடையில நிக்கப் போறியா" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள்.

மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று பார்மசி கவுன்சிலின் 2015 நடைமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. வெள்ளைக் கோட்டும் பெயர் அட்டையும் அணிய வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் கோட்டுப் போட்டு ஒருவரையும் பார்த்ததில்லை. கோட்டு முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம்தான். கவுண்டரில் நால்வர் நிற்கும்போது யாரிடம் கேட்பது என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

#12 வன்னிக்காடு, ஸ்கார்பரோ

வணக்கம். நான் கிளிநொச்சி, இப்ப கனடாவில். எங்கட அம்மா ஊரில் இருக்கும்போது டொக்டர் துண்டில் எழுதின மருந்தை ஒசுசல என்ற அரசாங்க மருந்துக் கடையில் வாங்குவா. அங்கே "குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இங்கே ஒன்ராறியோவில் 2023 ஜனவரியில் இருந்து 13 சிறு உபாதைகளுக்கு மருந்தாளரே மருந்து எழுதலாம், அதே வருடம் ஒக்ரோபரில் 19 ஆக்கினார்கள். கண் சிவத்தல், சிறுநீர்த் தொற்று, பூச்சிக்கடி இப்படி. நேரில் பார்த்தால் அரசாங்கம் மருந்தாளருக்கு 19 டொலர் கொடுக்கும், எங்களுக்குச் செலவில்லை. அதற்கு முன்பே, 2007இல், மெட்ஸ்செக் என்று ஒன்று தொடங்கினவை. மூன்று அல்லது அதுக்கு மேல் தொடர் மருந்து எடுக்கிறவர்கள் வருடம் ஒருமுறை தங்கட மருந்து எல்லாத்தையும் பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்தாளரோடு இருந்து கதைக்கலாம். அதுக்கும் அரசாங்கம்தான் காசு.

எல்லாம் சொர்க்கம் இல்லை. 2024இல் சில சங்கிலிக் கடைகள் எண்ணிக்கை காட்டுவதுக்காக இந்த மருந்துப் பரிசீலனைகளைச் செய்யச் சொல்லி மருந்தாளர்களை நெருக்குதுகள் என்று பெரிய சர்ச்சை வந்தது. காசு கொடுத்தால் அந்தக் காசுக்காக ஓடுகிற கூட்டமும் வரும். ஆனால் கொடுக்காவிட்டால் வேலையே நடக்காது என்பதுதான் என்ர எண்ணம்.

#13 அமராவதி, கரூர்

காசு கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்று வன்னிக்காடு சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே நான் ஒரு மருந்தை விற்காமல் இருந்தால் எனக்கு நட்டம். "இது வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் கல்லாவில் ஒன்றும் விழாது. அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய் அதையே வாங்குவார். அறிவுக்குக் கூலி கிடையாது, அட்டைக்குத்தான் கூலி என்று வைத்திருக்கும்வரை, நல்ல மனம் உள்ளவன் மட்டும்தான் சரியாக நடப்பான்.

#14 நெய்தல், சென்னை

ஒரு பெண்ணாக இதைச் சொல்லியாக வேண்டும். அவசர கருத்தடை மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல், சீட்டு இல்லாமல் விற்க அனுமதி உள்ள மருந்து. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கள், "ஸ்டாக் இல்லை" என்பார்கள். சிலர் மேலும் கீழும் பார்ப்பார்கள். பத்திரிகைகள் பலமுறை எழுதியும் மாறவில்லை.

சீட்டு வேண்டிய ஸ்டீராய்டைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடை, சீட்டே வேண்டாத மாத்திரையை மறுக்கிறது. மருந்தாளுநர் சுகாதாரப் பணியாளர் என்றால் இங்கேதான் அதைக் காட்ட வேண்டும். கூட்டத்துக்கு நடுவே இதைக் கேட்பதற்குள் ஒரு பெண் எவ்வளவு தயங்குகிறாள் என்று கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்கள் யோசியுங்கள். கடையில் ஓரமாக நின்று மெதுவாகப் பேச இரண்டடி இடம் போதும்.

#15 மாசிவீதி, மதுரை

நெய்தல் அக்கா, நீங்கள் சொல்வது சரி. எங்கள் கடையில் இருக்கிறது, வைத்திருக்கிறோம். வைக்காத கடைகளில் "நமக்கெதுக்கு வம்பு" என்ற எண்ணம்தான் அதிகம். எந்த விதியும் தடுக்கவில்லை.

#16 நெறியாளர்

நண்பர்களே, தனிமடலிலும் இங்கேயும் சிலர் தங்கள் மருந்துப் பட்டியலைப் போட்டு டோஸ் கேட்கிறார்கள். அந்தப் பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ நேரில் கேளுங்கள். விவாதம் தொடரட்டும்.

#17 தாமிரபரணி

எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் விலை அதிகமான பிராண்டு எழுதுகிறார். அதே மூலப்பொருள் மலிவாக இருக்கும்போது மெடிக்கல்காரர் மாற்றிக் கொடுத்தால் என்ன? கேட்டால் "டாக்டர் எழுதினதுதான் தருவேன்" என்கிறார்கள். கமிஷனுக்காகத்தானே?

#18 மாசிவீதி, மதுரை

கமிஷன் எங்கும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விதி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மருந்து விதிகள் 65இல் 11ஏ என்று ஓர் உட்பிரிவு. அட்டவணை எச், அட்டவணை எக்ஸ் (சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியல்கள்) மருந்து எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும் வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது. சீட்டில் வேதிப் பெயர் மட்டும் இருந்தால் எந்த நிறுவனத்தின் மருந்தையும் கொடுக்கலாம். பிராண்டு பெயர் இருந்தால் கை கட்டப்பட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மலிவாக வேண்டுமானால் மக்கள் மருந்தகம் இருக்கிறது. நம் மாநில அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் தொடங்கியது, பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் அதை எடுத்து நடத்த விண்ணப்பிக்கலாம் என்று வைத்தார்கள். அது எனக்குப் பிடித்தது. படித்தவனே கடையின் முதலாளி ஆகும்போது சான்றிதழ் வாடகைக்குப் போக வேண்டியதில்லை.

#19 பாலாறு

அந்த இருமல் சிரப் விவகாரத்தை யாரும் பேசவில்லையே. 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் பச்சைக் குழந்தைகள் செத்தார்கள். நம் மாநில ஆய்வகம் பார்த்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. மருந்தாளுநர் என்ன செய்ய முடிந்தது?

#20 ஆறுவருடம்

பாட்டிலைப் பார்த்து விஷம் என்று கண்டுபிடிக்க முடியாது. அது ஆய்வகத்தின் வேலை, அதற்கு முன்னால் தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆனால் கவுண்டரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, அது விற்கப்படும் தருணம். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்புகளை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. "குழந்தைக்கு என்ன வயது" என்ற ஒரு கேள்வியைக் கவுண்டரில் கேட்டிருந்தால் எத்தனை பாட்டில் வீட்டுக்குப் போகாமல் நின்றிருக்கும்!

இன்னொன்று, தடை அறிவித்த பிறகு. எந்தத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) யாருக்குப் போனது என்று பில்லில் இருந்தால் அன்று மாலையே போன் போட்டு "அந்த சிரப்பைக் கொடுக்காதீர்கள்" என்று சொல்லலாம். "பில் வேண்டாம், சில்லறை கொடுங்க" என்று வாங்கிப் போனவரை எங்கே தேடுவது? பெயரும் போன் நம்பரும் கேட்டால் விளம்பரத்துக்கு என்று நினைத்துப் பொய் நம்பர் தருகிறார்கள். இதற்காகத்தான் கேட்கிறோம்.

அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தரும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடுவதும் இப்படித்தான். கடைசிப் பகுதியை வாங்குகிறவருக்கு மட்டும் தேதி தெரியும்.

#21 சோலையார், வால்பாறை

கை நிறையப் பணம் இருந்தால் முழு அட்டை வாங்குவோம்மா. நாலு மாத்திரைக்குத்தான் காசு இருக்கும்.

#22 ஆறுவருடம்

மன்னிக்கவும் அண்ணா, வெட்டி வாங்குவதைக் குறை சொல்லவில்லை. வெட்டித் தரும்போது தேதியையும் தொகுதி எண்ணையும் கவரில் எழுதிக் கொடுப்பது கடையின் பொறுப்பு. எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

#23 பொதுப்பிரிவு

கேரளத்தில் நடப்பதையும் சேர்க்கிறேன். 2024 தொடக்கத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று ஆரம்பித்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்கிறார்கள். பொதுமக்களும் புகார் கொடுக்கலாம். ஆன்டிபயாட்டிக்கை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள், கையில் வாங்கும்போதே இது வேறு வகை மருந்து என்று தெரியும். பக்கத்து மாநிலத்தில் முடிகிறது என்றால் இங்கேயும் முடியும். நம் தரப்பில், அதாவது மருத்துவர்கள் தரப்பில், மருந்தாளுநர் போன் செய்தால் எரிச்சல்படாமல் எடுக்கப் பழக வேண்டும். இழையைத் தொடங்கியவரின் அம்மா விஷயத்தில் அந்தப் பெண்ணே மருத்துவரை நேரடியாக அழைத்திருக்க வேண்டும். ஏன் அழைக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

#24 மாசிவீதி, மதுரை

டாக்டர், இதை நீங்களே எழுதியதற்கு நன்றி. நான் போன் செய்தால் பல இடங்களில் கம்பவுண்டர்தான் எடுப்பார், "சார் எழுதினதைக் கொடுங்க" என்று வைத்துவிடுவார். சீட்டில் கிளினிக் நம்பரோடு ஒரு வரி, "சந்தேகம் இருந்தால் அழைக்கவும்" என்று இருந்தால் எங்களுக்கு எவ்வளவு தைரியம் வரும்!

#25 தாமிரபரணி

சரி, நடைமுறைக்கு வருவோம். நாளைக்கு என் கடைக்குப் போய் நான் என்ன செய்ய வேண்டும்? சண்டை போடாமல்.

#26 மாசிவீதி, மதுரை

"பார்மசிஸ்ட் யாருங்க, ஒரு சந்தேகம் கேட்கணும்" என்று கேளுங்கள். இருந்தால் முன்னால் வருவார், இல்லாவிட்டால் அதுவே உங்களுக்குப் பதில். மாலைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எந்தக் கடையும் ஓய்வாக இருக்கும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்து வாருங்கள். ஆங்கில மருந்து மட்டும் போதாது, சித்த மருந்துப் பொடி, பக்கத்து வீட்டில் கொடுத்த வலி மாத்திரை, ஜிம்மில் கொடுத்த பவுடர் வரைக்கும். எதற்கு எது, எது இரட்டையாக வருகிறது, எது காலாவதி என்று பிரித்துப் பார்க்கலாம். பாராசிட்டமால் மட்டும் மூன்று வேறு பெயரில் ஒரே வீட்டில் இருக்கும், சளி மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும்.

மாத்திரை போட்டபின் தடிப்பு, வீக்கம், மயக்கம் என்று ஏதாவது வந்தால் எங்களிடம் சொல்லுங்கள், தீவிரமாக இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவிளைவை அரசுக்குத் தெரிவிக்க 1800 180 3024 என்ற இலவச எண் உண்டு. நோயாளியே அழைத்துச் சொல்லலாம்.

#27 கொள்ளிடக்கரை, திருச்சி

சித்தப்பாவுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். அவர் இரண்டு மருத்துவர்களிடம் ஒன்பது மாத்திரை வாங்குகிறார். வியாழக்கிழமை மதியம் பையோடு கூட்டிப் போகிறேன்.

#28 மாசிவீதி, மதுரை

இன்சுலின் போடுகிறார் என்றால் அதை மட்டும் வெயிலில் எடுத்து வர வேண்டாம் அண்ணா, பெயரை எழுதிக்கொண்டு வந்தால் போதும். பிரிக்காத பேனாவை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கலாம், ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. பிரித்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்று பெட்டியிலேயே இருக்கும். பல பேனாக்களுக்கு 28 நாள்.